நல்ல கவர்னர், கெட்ட கவர்னர் என்று பிரிக்க முடியுமா?

#1 ஏரிக்கரையான்

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றும் செய்தி ஒன்று உண்டு. மந்திராலயத்தில் ராகவேந்திரர், பின்னாளில் சென்னைக்குக் கவர்னரான தாமஸ் மன்றோவுக்குக் காட்சி கொடுத்துப் பேசினார். மன்றோ திருப்பதிக்குக் கங்காளம் என்னும் பெரிய பாத்திரம் கொடுத்தார். மதுராந்தகம் ஏரிக்கரையில் கலெக்டர் பிளேஸ் துரைக்கு ராமரே வில்லோடு காட்சி தந்தார். கடைசியில் தவறாமல் ஒரு வரி வரும்: அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் எவ்வளவோ மேல்.

கதைகளோடு எனக்குச் சண்டை இல்லை. மதுராந்தகம் கோயிலில் தாயார் சன்னதியில் பிளேஸ் பெயரோடு கல்வெட்டே இருக்கிறது. என் கேள்வி வேறு. கவர்னராக வந்தவர் நல்லவரா கெட்டவரா என்பதால் இங்கே உழுதவனுக்கு என்ன மாறியது?

பென்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் புத்தகத்தில் 1829-இல் சதியை ஒழித்த நல்லவர். அது அவர் கவர்னர் ஜெனரல் ஆன பிறகு. அதற்கு முன்பு 1803 முதல் 1807 வரை சென்னைக்குக் கவர்னராக இருந்தார். உப்பை அரசின் ஏகபோகமாக ஆக்கியது 1805-இல், அவர் காலத்தில்தான். அடுத்த ஆண்டு ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, தாடியை மழி, நெற்றியில் குறி வைக்காதே என்ற உத்தரவுகள் அவர் பார்வைக்குப் போய்த்தான் நடப்புக்கு வந்தன. லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. உப்புச் சட்டம் மட்டும் அவரோடு கப்பலேறவில்லை.

ஆள் மாறினாலும் கிஸ்தி, அதாவது தவணையாகக் கட்டும் நிலவரி, மாறவில்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

#2 பாராமகால்

மறுக்கத்தான் வந்தேன், அண்ணே. நான் கிருஷ்ணகிரிப் பக்கம். மன்றோவை மற்றவர்களோடு ஒரே மூட்டையில் கட்டுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1780-இல் சாதாரணப் படைப்பயிற்சி ஆளாகச் சென்னையில் இறங்கியவர். 1792-இல் திப்புவிடமிருந்து எங்கள் கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகால் கைமாறியதும் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாக இங்கே வந்து ஏழு வருடம் கூடாரத்தில் கிடந்து, வயல் வயலாக அளந்து வரி போட்டார். ஜமீன்தாரை நடுவில் வைத்து அவன் கையில் குடியானவனை விட்டுவிடும் வங்காளத்து ஏற்பாடு இங்கே வேண்டாம், உழுகிறவன் பேரிலேயே பட்டா கொடு என்று கடைசிவரை மேலிடத்தோடு மல்லுக்கட்டினார். கடப்பை, பெல்லாரி பக்கம் கலெக்டராக இருந்தபோது தான் போட்ட வரியே அதிகம், நாலில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று 1807-இல் எழுதினார். அப்போது யாரும் கேட்கவில்லை. 1820-இல் தானே கவர்னராகி வந்த பிறகுதான் அதை நடத்த முடிந்தது.

வேலை முடிந்து ஊருக்குப் போகிற நேரம், பழைய மாவட்டங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கிளம்பி, பத்திகொண்டாவில் காலரா கண்டு 1827 ஜூலை 6-இல் செத்தார். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். அதிகாரத்துக்குப் பயந்து யாரும் பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லை.

#3 நெய்தல்

விளைச்சலில் ஏறக்குறைய பாதியை வரியாகப் போட்டுவிட்டு, அப்புறம் அதில் கால் பங்கைக் குறைத்ததற்கா இவ்வளவு பாராட்டு?

#4 ஜமாபந்தி

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். உழுகிறவன் பேரிலேயே நேராக வரி போடும் ரயத்துவாரி முறையை எல்லாரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அது தாலுகா கச்சேரியில் எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காகிதத்தில் அழகான ஏற்பாடு. நிலத்தை அள, மண்ணைத் தரம் பிரி, தீர்வை போடு, குடியானவன் பேரில் பட்டா கொடு. அவன் விருப்பப்பட்டதை உழலாம், வேண்டாததை விட்டுவிடலாம். வருடா வருடம் ஜமாபந்தியில் கணக்குத் தீர்த்து, கிஸ்தி கிஸ்தியாகப் பணம் கட்ட வேண்டும். பணமாக. இந்தச் சொல்லைக் கவனியுங்கள், தானியமாக இல்லை. மன்றோ இறந்ததை ஒட்டித் தொடங்கி 1850-கள் வரை தானிய விலை இறங்கிக் கிடந்தது. ஒரு வண்டி நெல் விற்றுக் கட்டிய தீர்வைக்கு இப்போது இரண்டு வண்டி விற்க வேண்டும். தீர்வைப் புத்தகத்தில் எண் அப்படியே நிற்கிறது. யாரும் ஏற்றவில்லை, ஆனாலும் சுமை ஏறிவிட்டது. நிலத்தை விட்டுவிடும் உரிமையும் ஏட்டில்தான். தரிசாகப் போட்டால் வசூல் குறையும், வசூல் குறைந்தால் தாசில்தார் பதில் சொல்ல வேண்டும். அதனால் உழு என்று கட்டாயப்படுத்தினார்கள்.

கட்டாதவனை என்ன செய்தார்கள்? சென்னை அரசு நியமித்த சித்திரவதை விசாரணைக் குழுவின் 1855 அறிக்கை இருக்கிறது. வெளியார் எழுதிய குற்றச்சாட்டு இல்லை, அரசே அச்சடித்தது. அதில் அண்ணாந்தாள் என்று ஒரு முறை வருகிறது. ஆளைக் குனியவைத்து, கழுத்தையும் கால் பெருவிரலையும் கயிற்றால் இணைத்து, அசையாமல் வெயிலில் நிறுத்துவது. முதுகில் கல்லும் ஏற்றுவார்கள். இன்னொன்று கிட்டி. ஒரு முனையில் கட்டிய இரண்டு குச்சிகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்குவது. இதெல்லாம் கொலைக் குற்றவாளிக்கு இல்லை, சில ரூபாய் கிஸ்தி பாக்கிக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புகார் கொடுத்தார்கள். பல மாவட்டங்களிலிருந்து நடந்தே சென்னைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு.

இதில் மன்றோ எங்கே வருகிறார் என்று பாராமகால் தம்பி கேட்பார். 1816-இல் வந்த சட்டங்கள் அவர் தலைமையிலான குழு வடிவமைத்தவை. கலெக்டரே மாஜிஸ்திரேட், போலீசும் அவர் கீழே. தாசில்தார் கையிலும் இரண்டு அதிகாரமும் வந்தன. வரி கேட்பவனே போலீஸ்காரன் என்றால் அடி வாங்கியவன் யாரிடம் போய்ச் சொல்வான்? விசாரணைக் குழுவே இந்த இணைப்பைக் காரணமாகக் குறிப்பிட்டது. நல்லெண்ணத்தோடு செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விளைவு இதுதான்.

#5 பாராமகால்

ஜமாபந்தி ஐயா, பதில் சொல்ல முடியாத இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். ஆனாலும் ஒன்று. அதற்கு முன்பு காரன்வாலிஸ் முறையில் ஜில்லாவுக்கு ஒரு நீதிமன்றம் வைத்தார்களே, அங்கே போய் வழக்குப் போட எந்தக் குடியானவனுக்கு வசதி இருந்தது? முத்திரைக் கட்டணம், வக்கீல், வேற்று மொழியில் எழுத்து. ஊரிலேயே முன்சீப், பஞ்சாயத்து, பக்கத்தில் கலெக்டர் என்று இருந்தால் நியாயம் கைக்கெட்டும் என்று நினைத்தார் மன்றோ. பத்து நாள் கூடாரத்தில் வந்து உட்கார்ந்து குறை கேட்கிற கலெக்டரை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது.

எல்லாக் கலெக்டரும் மன்றோவாக இருக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

#6 ஏரிக்கரையான்

தம்பி, நீங்கள் சொன்ன கடைசி வரிதான் என் கட்சியே. நன்றி.

#7 கடலூரான்

நீங்கள் எல்லாரும் 1800-க்குப் பிறகே தொடங்குகிறீர்கள். அதற்கு முன்பு கவர்னர் என்றால் முதல் நம்பர் வியாபாரி. அந்தக் காலத்தைப் பார்த்தால்தான் எங்கிருந்து எங்கே வந்தார்கள் என்று தெரியும்.

எங்கள் ஊரிலிருந்தே சொல்கிறேன். 1690-இல் எலிஹு யேல் சென்னையில் கவர்னர். தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு எட்டும் தூரம் வரை. இருக்கிறதிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுற்றிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம்வரை அவர்களுடையது. இன்றும் குண்டு கிராமங்கள் என்ற பேச்சு கடலூரில் உண்டு. அந்த ஊர்க்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யேல் ஊழல் புகாரில் 1692-இல் பதவி இழந்தார். அவர் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அடிமைகளும் ஏற்றுமதியானார்கள். பிறகு அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் அனுப்பிய சரக்கை விற்று 562 பவுண்டு தேறியது. கல்லூரிக்கு அவர் பெயரே வைத்துவிட்டார்கள்.

அடுத்து தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை. 410 காரட் பட்டை தீட்டாத வைரத்தை 48,000 வராகனுக்கு வாங்கி, பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவரிடம் 1,35,000 பவுண்டுக்கு விற்றார். அந்தக் காசில்தான் அந்தக் குடும்பம் நிமிர்ந்தது. பேரன் இங்கிலாந்துப் பிரதமர், கொள்ளுப்பேரனும் பிரதமர்.

எல்லாவற்றையும் விட வேடிக்கை பிகாட் பிரபு கதை. தஞ்சாவூரை ஆற்காட்டு நவாபிடமிருந்து வாங்கி மராட்டிய ராஜாவிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவரைக் கவர்னராக லண்டன் அனுப்பியது. நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாகத் தஞ்சாவூர் விளைச்சலை எழுதி வாங்கியிருந்த கம்பெனி ஆட்களுக்கு வயிற்றெரிச்சல். பால் பென்ஃபீல்டு என்ற கட்டட ஒப்பந்தக்காரர் அதில் பெரிய கை. 1776 ஆகஸ்டு 24 அன்று கவுன்சில் உறுப்பினர்களே தங்கள் கவர்னரைக் கைது செய்து பரங்கிமலையில் வைத்தார்கள். அடுத்த மே மாதம் காவலிலேயே இறந்துபோனார். இங்கிலாந்தில் வழக்கு நடந்து, நாலு பேருக்குத் தலைக்கு ஆயிரம் பவுண்டு அபராதம். அவ்வளவுதான். காவிரியில் விளைகிற நெல் யாருக்கு என்பதற்கு ஒரு கவர்னர் உயிரே போயிற்று, அந்தச் சண்டையில் ஒரு தரப்பிலும் உழுதவன் இல்லை.

#8 தண்டவாளம்

குறையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் விட்டது யார்? முல்லைப் பெரியாறு அணை யார் கட்டியது? 1895-இல் வென்லாக் பிரபு திறந்துவைத்தார், இன்றுவரை தேனி, மதுரை விவசாயி பென்னிகுயிக் படத்துக்கு மாலை போடுகிறார். கன்னிமாரா நூலகம், நேப்பியர் பாலம், கிராண்ட் டஃப் போட்ட மெரினா நடைபாதை. எல்லாம் கவர்னர்கள் பெயர்தான்.

#9 நெய்தல்

தண்டவாளம், பெயர் அவர்களுடையது, பணம் யாருடையது? ரயில் கம்பெனிகளில் முதல் போட்ட லண்டன்காரர்களுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம். ரயில் நட்டத்தில் ஓடினால் மிச்சத்தை இந்திய வருவாயிலிருந்து கொடுக்க வேண்டும். ஆபத்து அவர்களுக்கு இல்லை. கடலூரான் சொன்ன நெல்லும் ஜமாபந்தி ஐயா சொன்ன கிஸ்தியும்தான் அந்த வட்டி.

பென்னிகுயிக் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். கம்பம் பள்ளத்தாக்கில் அவருக்குப் பொங்கல் வைக்கிறவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் கவர்னர் இல்லை, இன்ஜினீயர். திறப்பு விழாவுக்கு வந்த வென்லாக்கின் படத்தை அங்கே யார் வீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா?

#10 பழந்தாள்

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். ஏரிக்கரையான் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் தாது வருசப் பஞ்சத்தைப் படித்தவர்களால் ஆள் முக்கியமில்லை என்று சொல்ல முடியாது. 1876 முதல் 78 வரை என்ன நடந்தது என்று வரிசையாக வைக்கிறேன்.

1875-இல் சென்னைக்குக் கவர்னராக வந்தவர் பக்கிங்காம் டியூக். மூன்றாவது டியூக். அப்பா சொத்தைக் கடனில் அழித்தவர். மகன் ரயில் கம்பெனித் தலைவராகவும் லண்டனில் குடியேற்ற நாடுகளின் அமைச்சராகவும் இருந்துவிட்டு இங்கே வந்தார். 1876-இல் இரண்டு மழையும் பொய்த்தன. சென்னை அரசு அவசரமாகத் தானியம் வாங்கிக் கையிருப்பு வைக்கத் தொடங்கியது. கல்கத்தாவில் வைஸ்ராய் லிட்டன் அரசு கண்டித்தது. தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது, விலை ஏறினால் சரக்கு தானாக வரும் என்பது அவர்கள் வேதம். ரயில் ஏறிச் சரக்கு வந்தது உண்மை. வாங்கத்தான் உள்ளூரில் யாரிடமும் காசு இல்லை. கப்பலேறி வெளிநாடு போன தானியமும் நிற்கவில்லை.

1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியாவைப் பேரரசி என்று அறிவித்த தர்பார், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு விருந்து. அதே மாதம் செலவைக் குறைக்கச் சொல்லி ரிச்சர்டு டெம்பிளைத் தெற்கே அனுப்பினார் லிட்டன். இந்த டெம்பிள் யார்? மூன்று வருடம் முன்பு பீகாரில் பர்மா அரிசியைக் கப்பல் கப்பலாக இறக்கிப் பட்டினிச் சாவைப் பெருமளவு தடுத்தவர். அதற்காகப் பாராட்டு கிடைக்கவில்லை, பணத்தை வாரி இறைத்தான் என்று திட்டுத்தான் கிடைத்தது. பாடம் கற்றுக்கொண்டு வந்தார். நிவாரண வேலையில் கல் உடைக்கிற ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே கொஞ்சம் சில்லறை. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு.

அப்போது சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்தவர் டாக்டர் கார்னிஷ். இந்த அளவு உடம்பு ஓய்ந்திருக்கவே பத்தாது, கல் உடைக்க எப்படிப் பத்தும் என்று எழுத்தில் எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டு தானியமும் காய், பருப்பும் வேண்டும் என்றார். டெம்பிள் விடவில்லை. முகாம்களில் சாவு ஏறியது. கார்னிஷ் எண்களை வைத்து மடக்கிக்கொண்டே இருந்தார். பக்கிங்காம் கார்னிஷ் பக்கம் நின்றார். 1877 மே மாதத்துக்குள் கூலி உயர்ந்தது. ஆகஸ்டில் டியூக் லண்டனுக்கே நேராக நன்கொடை கேட்டு வேண்டுகோள் விட்டார், லிட்டனுக்கு அது பிடிக்கவில்லை. அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய்த் துண்டு அந்த நிவாரண வேலையில் வெட்டியதுதான். பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் வந்தது அதனால்.

பாராமகால் நண்பருக்காக ஒரு கணக்கு. சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சம் பேர். 1881-இல் சுமார் 16 லட்சம். செத்தவர்கள், இலங்கைத் தோட்டத்துக்கும் மற்ற இடங்களுக்கும் போனவர்கள், பிறக்காமலே போன பிள்ளைகள் எல்லாம் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள். பீகாரில் ஒரு டெம்பிள், சென்னையில் இன்னொரு டெம்பிள். அரசு அதே அரசு. கல்லைத் தூக்கிக்கொண்டு நின்ற கூலிக்காரனுக்கு 450 கிராமா 680 கிராமா என்பது சின்ன விஷயமா?

#11 ஏரிக்கரையான்

சின்ன விஷயம் இல்லை. ஆனால் நீங்கள் வைத்த சான்றே என் பக்கமும் பேசுகிறது. பீகாரில் கருணை காட்டிய டெம்பிளைத் திட்டித் திட்டி மாற்றியது யார்? மேலே இருந்த கணக்கு. சென்னையில் நல்லெண்ணம் காட்டிய டியூக்கால் தானியக் கையிருப்பு வைக்க முடிந்ததா? முடியவில்லை. கூலியைக் கொஞ்சம் ஏற்றவே மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் முகாமில் செத்தவர்களுக்கு டியூக் நல்லவர் என்பதால் என்ன பயன்?

இன்னொன்றும் கேட்கிறேன். ஒரு மழை பொய்த்ததும், இரண்டாவது மழை பொய்த்ததும் வீட்டில் குதிர் காலி என்கிற நிலைக்குக் குடியானவன் எப்படி வந்தான்? அது 1876-இல் நடந்ததா, அதற்கு முந்தைய அறுபது வருடக் கிஸ்தியில் நடந்ததா? அந்தப் பஞ்சத்திலும் வசூலை அடியோடு நிறுத்தவில்லை.

#12 பழந்தாள்

ஒத்துக்கொள்கிறேன், காரணம் பழையது. ஆனால் காரணம் பழையது என்பதால் அன்றைக்கு நாற்காலியில் இருந்தவனை விடுதலை செய்துவிட முடியாது. அமைப்புதான் எல்லாம் என்று சொல்லிவிட்டால் லிட்டனும் தப்பித்துவிடுவார். எனக்கு அதில்தான் சம்மதமில்லை. கார்னிஷ் மாதிரி ஒரு மருத்துவர், வேலை போனாலும் போகட்டும் என்று எதிர்த்து எழுத முடிந்தது என்றால், மற்றவர்களாலும் முடிந்திருக்கும். அவர்கள் எழுதவில்லை. அது அவரவர் முடிவு.

1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்து, அதற்கப்புறம் பஞ்சகால விதித்தொகுப்பு போட்டார்கள். அதற்குள் பிரிட்டிஷ் இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

#13 வைகை

எல்லாரும் கவர்னர் மாளிகையிலிருந்தே பார்க்கிறீர்கள். எங்கள் பக்கம் ஒரு ஊரிலிருந்து பாருங்கள். பெருங்காமநல்லூர், உசிலம்பட்டிக்குப் பக்கம். குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ஒரு சாதியையே பதிவு செய்து, ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும் என்றார்கள். திருடாதவனும் திருடன், பிறந்ததே குற்றம். ஊர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. மாயக்காள் உட்படப் பதினாறு பேர். ஜாலியன் வாலாபாக் நடந்து ஒரு வருடம்கூட முடியவில்லை.

அப்போது கவர்னர் வில்லிங்டன். பின்னால் வைஸ்ராய் ஆனவர். அவர் நல்லவரா கெட்டவரா என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. அந்தப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்த ஆட்கள் நம் ஆட்கள்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சட்டம் முழுசாகப் போனது 1940-களின் கடைசியில்தான்.

#14 தண்டவாளம்

வைகை அக்கா, இது எனக்குத் தெரியாது. பாடப் புத்தகத்தில் பார்த்த நினைவே இல்லை.

#15 நெறியாளர்

நீக்கப்பட்ட இரண்டு பதிவுகள் சாதிச் சண்டைக்கு இழுத்தன. இழை நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

#16 பாராமகால்

இரண்டு நாள் யோசித்துவிட்டு வருகிறேன். மன்றோவின் குறிப்புகளை மறுபடி படித்தேன். மனிதர் சிக்கலானவர்.

ஒரு பக்கம், 1822-இல் மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கலெக்டர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். திண்ணைப் பள்ளிகள், பாடசாலைகள் எல்லாம் சேர்த்து 12,498 என்று வந்தது, பிள்ளைகள் 1,88,000-க்கு மேல். இந்த நாட்டு மக்களைப் பெரிய பதவிகளுக்கு விடாமல் வைத்திருப்பது அவர்களைக் கீழ்மைப்படுத்துகிறது என்று 1824-இல் எழுதினார். என்றாவது ஒருநாள் இவர்கள் தங்களைத் தாங்களே ஆளும் நிலைக்கு வரும்போது நாம் போய்விடுவதே நல்லது என்ற கருத்தும் அதே குறிப்பில் இருக்கிறது.

இன்னொரு பக்கம், பத்திரிகைக்குச் சுதந்திரம் கொடுக்கலாமா என்று வந்தபோது 1822-இல் அதே பேனா கூடாது என்று எழுதியது. சுதந்திரப் பத்திரிகையும் அந்நியர் ஆட்சியும் ஒன்றாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். பத்திரிகை சிப்பாயின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று வேலூரை நினைத்துப் பயந்தார். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆட்சி எதன் மேல் நிற்கிறது என்று மற்றவர்களை விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே நடத்தினார்.

இருந்தாலும் எலிஹு யேலையும் மன்றோவையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன், அண்ணே.

#17 ஜமாபந்தி

கவர்னர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பாதிக் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது. 1858-க்குப் பிறகு சென்னைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் லண்டன் அரசியலில் இருந்து நேராக இறங்கிய பிரபுக்கள். மொழி தெரியாது, தாலுகா தெரியாது. கோப்பை நகர்த்தியது கவுன்சிலில் இருந்த சிவில் சர்வீஸ்காரர்களும் வருவாய் வாரியமும். ஆண்டில் பாதி நாள் அரசே ஊட்டியில். 1935 இந்திய அரசுச் சட்டத்தில் சென்னை கவர்னர் சம்பளம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் முதுகெலும்பு காட்டியவர் டிரெவெல்யன். 1859-இல் வந்தார். கல்கத்தா புதிதாக வருமான வரி போட்டபோது சென்னைக்கு இது ஆகாது என்று எதிர்த்ததோடு நிற்காமல், தன் ஆட்சேபத்தைப் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டார். 1860-இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இதே டிரெவெல்யன்தான் 1840-களில் அயர்லாந்துப் பஞ்சத்தில் லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்தவர். நல்லவர் பட்டியலா, கெட்டவர் பட்டியலா? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

#18 கடலூரான்

சிலை விஷயத்தில் சென்னை மக்கள் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். 1857-இல் வடக்கே ஊர் ஊராகத் தூக்கில் போட்ட கம்பெனிப் படை அதிகாரி நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் இருந்தது. அதை எடுக்கச் சொல்லி 1927-இல் சத்தியாகிரகம் நடத்திச் சிறைக்குப் போனார்கள். 1937-இல் ராஜாஜி ஆட்சி வந்ததும் அருங்காட்சியகத்துக்குத் தூக்கிவிட்டது. அதே சாலையில் அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் மன்றோவை இதுவரை யாரும் தொடவில்லை.

#19 நெய்தல்

தொடாததற்கு அன்பு காரணமா, அவர் யார் என்றே போகிறவர்களுக்குத் தெரியாதது காரணமா?

சரி, ஒரு கேள்வி. 1938-இல் ராஜாஜி கொண்டுவந்த கட்டாய இந்தியை எடுத்தது கவர்னர் எர்ஸ்கின் என்கிறார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவை திணித்ததை வெள்ளைக்கார கவர்னர் நீக்கினார் என்றால் இந்தக் கணக்கில் அவரை எங்கே வைப்பது?

#20 ஜமாபந்தி

உண்மைதான். 1939 அக்டோபரில் போரைக் காரணம் காட்டிக் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. 1935 சட்டத்தின் 93-ஆம் பிரிவின்படி ஆட்சி முழுவதும் எர்ஸ்கின் கைக்கு வந்தது. 1940 பிப்ரவரி 21 அன்று இந்தியை விருப்பப் பாடமாக்கிவிட்டார். அதற்குள் நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் உயிர் விட்டிருந்தார்கள், ஆயிரத்துக்கு மேல் சிறை சென்றிருந்தார்கள். போர் நேரத்தில் தெருவில் ஒரு கிளர்ச்சி வேண்டாம் என்ற கணக்கில்தான் எடுத்தார் என்பது என் கருத்து. தமிழ் மேல் பிரியம் என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை. போராடியவர்கள் பெயரைத்தான் அந்த உத்தரவின் மேல் எழுத வேண்டும்.

#21 ஏரிக்கரையான்

இதை நான் மறுக்கவில்லை, ஐயா. 1816 சட்டங்களின் தமிழ் வடிவம் எங்கே படிக்கக் கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள். பட்டா, போலீஸ் இரண்டும் ஒரே கையில் போன கதையைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.